அமெரிக்க மேடையில் ரஷ்ய நாட்டுப்புற இசையும் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ரஷ்ய நாட்டுப்புற நிகழ்ச்சிகள் பெரிய அரங்குகளைவிடப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலும், ஊர் நூலகத்திலும், தேவாலய மண்டபத்திலும்தான் அதிகம் நடக்கின்றன. ஏற்பாடு செய்பவர்களும் மேடையேறுபவர்களும் டிக்கெட் வாங்குமுன் யோசிப்பவர்களும் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியில் என்னென்ன இருக்கும்?

சின்னக் குழு என்றால் நான்கைந்து பேர். ஒருவர் பலலைக்கா, ஒருவர் தோம்ரா, ஒருவர் பயான் (பொத்தான் வைத்த அக்கார்டியன்), மீதி இருவர் ஆட்டக்காரர்கள். பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவரே பாடவும் செய்வார். பெரிய குழுவில் இருபது, முப்பது பேர் கொண்ட தந்தி வாத்திய இசைக்குழுவும் தனி ஆட்டக்குழுவும் இருக்கும். பலலைக்கா முக்கோண உடலும் மூன்று தந்தியும் கொண்டது. தோம்ராவின் உடல் பாதிப் பூசணிக்காய் போல உருண்டிருக்கும். மெட்டை எடுத்துச் செல்வது பெரும்பாலும் அதுதான். இவற்றோடு குஸ்லி என்ற மடிமேல் வைத்து மீட்டும் வாத்தியம், மரக்கரண்டிகள், பலகைத் துண்டுகளைக் கயிற்றில் கோத்த த்ரெஷோத்கா, கொம்பில் முடியும் ஜலெய்கா குழல் ஆகியவையும் வரலாம்.

இதெல்லாம் உண்மையான கிராமியக் கலைதானா?

வேர் கிராமத்துடையது, மேடை வடிவம் நகரத்தில் செய்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பார்வையாளர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்.

கிராமத்துப் பலலைக்கா கழுத்தில் நரம்பைச் சுற்றிக் கட்டிய நகரும் மெட்டுகளோடு (சுரத்துக்கு விரல் வைக்கும் குறுக்குக் கட்டுகள்), ஆளுக்கொரு அளவில் இருந்தது. 1880களில் வசீலி அந்திரேயெவ் பீட்டர்ஸ்பர்க்கின் கைவினைஞர்களைக் கொண்டு அதற்கு நிலையான உலோக மெட்டுகளைப் பதித்து, சிறியதிலிருந்து ஆளுயரம் வரை ஒரு குடும்பமாகவே செய்வித்தார். 1888இல் அவருடைய எட்டுப் பேர் குழு முதல் கச்சேரி கொடுத்தது. தோம்ரா அதற்குப் பிறகு, 1896இல், வியாத்கா பகுதியில் கிடைத்த ஒரு பழைய வாத்தியத்தை மாதிரியாக வைத்து மீட்டுருவாக்கப்பட்டது. ஆக, 'பழம்பெரும் ரஷ்ய இசைக்குழு' என்று சுவரொட்டியில் போடும் அமைப்புக்கு வயது நூற்றி முப்பதுக்குக் கொஞ்சம் மேல்.

ஆட்டமும் அப்படித்தான். 1937இல் இகோர் மொய்செயெவ் தொடங்கிய குழு பாலே பயிற்சி பெற்ற உடல்களை வைத்து நாட்டுப்புற அடவுகளை மறுபடி அமைத்தது. இன்று அமெரிக்கர் மனதில் இருக்கும் 'ரஷ்ய ஆட்டம்' பெரும்பாலும் அந்தப் பாணிதான். மறுபக்கம், மித்ரோஃபான் பியத்னீத்ஸ்கி 1911இல் மாஸ்கோ மேடையில் ஏற்றியவர்கள் வரோனெஷ், ரியஸான், ஸ்மோலென்ஸ்க் வட்டார விவசாயிகளே. 1973இல் தொடங்கிய திமீத்ரி பொக்ரோவ்ஸ்கி குழுவினர் கிராமங்களுக்குப் போய், தொண்டையைத் திறந்து பாடும் அந்தப் பல குரல் பாட்டைப் பாட்டிமார்களிடமே கற்றார்கள். உங்கள் குழு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று அறிமுகத்தில் ஒரு வரி சொன்னால் போதும்.

அமெரிக்காவுக்கு இது எப்போது வந்தது?

அந்திரேயெவின் இசைக்குழு 1910-11இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. அதைக் கேட்டுக் குடியேறிகளிடையே பலலைக்கா குழுக்கள் முளைத்தன. புரட்சிக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள் இன்னொரு அலை. செர்கே யாரோஃபின் தோன் கோசாக் (தோன் ஆற்றங்கரைப் போர்வீரர் சமூகம்) பாடகர் குழு 1921இல் துருக்கியில் ஓர் அகதி முகாமில் பிறந்தது; 1930 முதல் அமெரிக்க மேடைகளில் பாடியது.

பெரிய திருப்பம் 1958. அந்த ஆண்டு ஜனவரியில் இரு நாடுகளும் கலாச்சாரப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. ஏப்ரலில் மொய்செயெவ் குழு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் ஆடியது. கொண்டுவந்தவர் சால் ஹியூராக். கடைசியில் அமெரிக்கர்களின் சொந்த ஆட்டமான வெர்ஜினியா ரீலை ஆடிக்காட்டியதும் அரங்கம் எழுந்து நின்றது. அந்தத் தந்திரம் இன்றும் பலிக்கும். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு மெட்டைப் பலலைக்காவில் கடைசியாக வாசித்துப் பாருங்கள்.

ஹொப்பாக் ரஷ்ய ஆட்டமா? உக்ரைன் போர் தொடங்கியபின் பெயர்களை எப்படிப் போடுவது?

ஹொப்பாக் உக்ரைனிய ஆட்டம். அகலச் சல்வார் கால்சட்டை, சிவப்பு பூட்ஸ், மலர் வளையமும் தொங்கும் நாடாக்களும் உக்ரைனிய உடை. இவற்றை 'ரஷ்ய ஆட்டம்' என்று அறிவிப்பது 2022க்கு முன்பே பிழை. இப்போது காயப்படுத்தும் பிழை. ரஷ்யத் தரப்பில் அதே இடத்தை நிரப்ப பாரின்யாவும் கத்ரீலும் இருக்கின்றன. 'கோசாக் ஆட்டம்' என்பது இன்னும் குழப்பமான பெயர். தோன், குபான், ஸப்பரோஷியா மூன்றும் மூன்று மரபு. எந்த ஊர்க் கோசாக் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

பாட்டிலும் கவனம் வேண்டும். எல்லோரும் ரஷ்யப் பாட்டு என்று நினைக்கும் 'ஓச்சி சோர்னியெ'வின் வரிகளை எழுதியவர் உக்ரைனியக் கவிஞர் யெவ்ஹென் ஹ்ரெபின்கா. அமெரிக்காவில் இருக்கும் பல குழுக்களில் ரஷ்யர், உக்ரைனியர், யூதர், பிறப்பால் அமெரிக்கர் எல்லோரும் கலந்தே வாசிக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே எந்த மக்களுடையது, எந்த வட்டாரம் என்று எழுதிவிட்டால் பாதிச் சச்சரவு வராது. ராணுவச் சீருடையும் போர்ப் பாட்டும் நாட்டுப்புறக் கலையில் சேராதவை. அரங்கத்தார் அவை வேண்டாம் என்றால் வாதாடாமல் விட்டுவிடுவதுதான் சரி.

பலலைக்காவுக்கு எப்படிச் சுருதி சேர்ப்பது? மேடையில் ஏன் அடிக்கடி கலைகிறது?

சிறிய பலலைக்காவுக்கு, அதாவது பிரிமாவுக்கு, மி-மி-லா (மேற்கத்திய சுரப்பெயரில் E-E-A). முதல் இரண்டு தந்தியும் ஒரே சுரம், நைலான். மூன்றாவது மட்டும் எஃகு. சூடான மேடை விளக்கில் நைலான் தளர்ந்து சுரம் இறங்கும், எஃகு அவ்வளவு அசையாது. ஆகவே இரண்டு 'மி'யும் 'லா'வோடு சேராமல் கரகரக்கும். புதுத் தந்தியை நிகழ்ச்சிக்கு முந்திய நாளாவது மாட்டி, இழுத்து இழுத்துப் பழக்கிவிட வேண்டும். அன்றைக்கே மாட்டினால் முதல் பாதி முழுக்கச் சுருதி சேர்ப்பதிலேயே போகும்.

எல்லோரும் பயானுக்குத்தான் சுருதி சேர்க்க வேண்டும், ஏனென்றால் பயானின் நாக்குகளை மேடையில் மாற்ற முடியாது. ரஷ்யாவில் செய்த பயான்கள் பலவற்றில் 'லா' சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, 442 வாக்கில் இருக்கும். அரங்கத்துப் பியானோ 440இல் இருந்தால் இரண்டையும் ஒரே உருப்படியில் சேர்க்காதீர்கள்.

பிரிமாவை வாசிப்பது வலது கைச் சுட்டுவிரலால், பிளெக்ட்ரம் இல்லாமல். நகம் உடைந்தால் ஒலி மந்தமாகிவிடும், விரல் நுனியும் தேய்ந்து புண்ணாகும். நக அரமும் ஒட்டுப் பசையும் வாத்தியப் பெட்டியில் இருக்கட்டும். பாஸ், கான்ட்ராபாஸ் என்ற பெரிய பலலைக்காக்கள் தடித்த தோல் துண்டால் வாசிக்கப்படுகின்றன. அது தொலைந்தால் எந்த அமெரிக்க இசைக்கடையிலும் கிடைக்காது. இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயானுக்குப் பதில் சாதாரண அக்கார்டியன் போதுமா?

குழுவோடு வாசிக்கப் போதும். பயானில் வலது கைக்குப் பொத்தான்கள், அமெரிக்காவில் பரவலான அக்கார்டியனில் பியானோக் கட்டைகள். உள்ளே இரண்டும் ஆர்மோனியத்தின் நாக்கு போன்ற உலோக நாக்குகளே. பொத்தானில் விரல் தாவும் தூரம் குறைவு. ஆகவே பயானுக்கென எழுதிய தனி உருப்படியை பியானோக் கட்டையில் வாசிக்கச் சொல்லாதீர்கள், கை எட்டாது.

கோடைக்காலத்தில் பயானைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது. பல பயான்களில் நாக்குத் தகடுகளை மெழுகும் குங்கிலியமும் கலந்து ஒட்டியிருப்பார்கள். மூடிய காருக்குள் அது இளகித் தகடு நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு சுரம் ஊமையாவதுதான் முதல் அறிகுறி. பிறகு அதை ஒரு ரிப்பேர்க்காரர் மட்டுமே சரிசெய்ய முடியும்.

கான்ட்ராபாஸ் பலலைக்காவை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல், உடலோ அகல முக்கோணம். அமெரிக்க விமானங்களுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2015இல் வந்த விதி ஒன்று உண்டு. சிறிய வாத்தியத்தை, ஏறும் நேரத்தில் மேலறையில் இடம் இருந்தால், கைப்பையாக அனுமதிக்க வேண்டும். பெரியதற்கு இன்னொரு இருக்கை வாங்கலாம். சரக்கறைக்குப் போவது என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டு 150 அங்குலத்துக்குள்ளும் எடை 165 பவுண்டுக்குள்ளும் இருந்தால், விமானம் கொள்ளும்வரை ஏற்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கல். சிறு நகரங்களுக்குப் பறக்கும் குட்டி விமானத்தின் சரக்குக் கதவில் கான்ட்ராபாஸ் பெட்டி நுழையாது. டிக்கெட் போடும்போதே எந்த மாதிரி விமானம் என்று பாருங்கள்.

எளிய வழி, கொண்டுபோகாமல் இருப்பது. கான்ட்ராபாஸ் பலலைக்காவின் மி-லா-ரே, டபுள் பேஸின் கீழ் மூன்று தந்திகளுக்குச் சமம். உள்ளூர் டபுள் பேஸ் கலைஞரிடம் தாளைக் கொடுத்தால் ஓர் ஒத்திகையில் வாசித்துவிடுவார். முக்கோணத்தைப் பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

குளிர்காலத்தில் வாத்தியம் வெடிக்கிறதே?

வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். மண்டபத்துக் காற்று காய்ந்து ஈரப்பதம் 20 சதவீதம் வரை இறங்கும். பலலைக்காவின் முகப்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் இழந்து சுருங்கும்போது பின்புறக் கட்டமைப்பு விடாமல் பிடிப்பதால் மரத்தின் ரேகை ஓடிய இடத்தில் விரியும். பெட்டிக்குள் ஈரமூட்டி வைத்து 40 முதல் 50 சதவீதம் காத்துக்கொள்ளுங்கள். வண்டியிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே வைத்து, பிறகு சுருதி சேருங்கள்.

மைக் எப்படி வைப்பது?

நூறு பேருக்குள் உட்காரும் அறையென்றால் மைக்கே வேண்டாம். அதற்கு மேலென்றால் பலலைக்காவுக்கு ஒரு சிறு கண்டென்சர் மைக், முகப்பலகைக்கு 25 செ.மீ. தள்ளி, ஒலித்துளைக்கும் பாலத்துக்கும் நடுவே குறிபார்த்து. நேரே துளையை நோக்கி வைத்தால் நகம் உரசும் 'சர்சர்' மட்டும் பெரிதாகும். பயானுக்கு இரண்டு வேண்டும், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால் வலப்பக்கம். ஆட்டக்காரர்களின் கால் ஓசைக்கு மேடை விளிம்பில் தரையோடு ஒரு மைக் படுக்க வைத்தால் பின் வரிசை வரை தாளம் போய்ச் சேரும். உள்ளூர் ஒலிக்காரர்கள் பலலைக்காவைப் பார்த்ததும் கிதார் என்று நினைத்துக் கீழ்ச்சுரத்தை ஏற்றுவார்கள். பிரிமாவின் கீழ்ச்சுரமே நடு ஸ்தாயியில் இருக்கிறது, ஏற்ற அங்கே ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்துக்கு எந்த மாதிரித் தரை வேண்டும்?

அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தரை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்து மரத்தரை முழங்காலுக்கு நல்லது, ஆனால் மெழுகு பூசி வழுக்கும். பாலேக்காரர் பழக்கத்தில் குங்கிலியப் பொடி தூவினால் பள்ளிக்காரர் அடுத்த முறை கூப்பிடமாட்டார். ஈரத்துணி ஒன்றில் பூட்ஸ் அடியைத் துடைத்துக்கொண்டு ஏறுவதே வழி. காங்கிரீட்டின் மேல் ஒட்டிய கம்பளம் எல்லாவற்றிலும் மோசம். தரை அதிர்வைத் தாங்காது. போதாக்குறைக்கு, சுழலும்போது பாதம் ஒட்டிக்கொள்ள முழங்கால் மட்டும் திரும்பும். அங்கே குந்தி ஆடுவதை நிரலிலிருந்தே எடுத்துவிடுங்கள். இடம் இரண்டு பேருக்கு 5 மீட்டருக்கு 4 மீட்டர், எட்டுப் பேருக்கு 9 மீட்டருக்கு 7 மீட்டராவது வேண்டும். குந்தித் தாவும் அடவுகளுக்குத் தலைக்கு மேலும் இடம் பாருங்கள். நூலகக் கூரை தாழ்ந்திருக்கும்.

குந்தி எழுந்து உதைக்கும் அந்த ஆட்டத்தை எப்படி ஆடுகிறார்கள்?

பெயர் பிரிஸ்யாத்கா. பார்ப்பதற்குத் தொடை பலம் மாதிரி தெரியும், ஆனால் முக்கியம் முதுகு. எடை பாதத்தின் முன்பகுதியில், குதிகால் தரையைத் தொடாமல். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, கால் விரல் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். முதுகு செங்குத்து. இறங்கும்போது குதிகாலின் மேல் 'தொப்'பென்று உட்கார்ந்துவிடாமல், அதற்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்தி அந்த விசையிலேயே எழ வேண்டும். உதைக்கும் கால் நீளும்போது மற்றக் கால் முழு எடையையும் தாங்குகிறது. அந்த நொடியில் உடல் முன்னால் சாய்ந்தால் முழங்கால் உள்ளே மடங்கும். மெனிஸ்கஸ் (முழங்கால் மூட்டுக் குருத்தெலும்பு) கிழிவது பெரும்பாலும் அப்படித்தான்.

வகைகள் பல. பந்துபோல் இரு காலிலும் குதிப்பது 'மியாச்சிக்', தாழ்ந்த நிலையிலேயே ஒரு காலை மாற்றி ஒரு காலை நீட்டித் தவழ்வது 'பல்ஸுனோக்', எழும்போது காலைப் பிரித்துக் குதிகாலில் நிற்பது 'ரஸ்னோஷ்கா'. ஒரு தொடரில் 8 முறை, நல்ல தேர்ச்சியிருந்தால் 16. அதற்கு மேல் போனாலும் கைதட்டல் அதிகமாகாது, களைப்பு மட்டும் கூடும். இருபது நிமிடமாவது உடம்பைச் சூடாக்காமல் இதைத் தொடக்கூடாது. பாட்டு இடைவெளியில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர் நேரே வந்து குந்தக் கூடாது. முதலில் தட்டு அடவுகள், கையால் பூட்ஸைத் தட்டும் 'ஹ்லபூஷ்கா', அப்புறம்தான் இது.

பெண்கள் சக்கரம் கட்டியதுபோல் மிதந்து போகிறார்களே, அது எப்படி?

1948இல் நதேஷ்தா நதேஷ்தினா தொடங்கிய பெர்யோஸ்கா குழுவின் அடையாளம் அது. அரைக்குதியில், பாதத்தில் பாதி நீளம்கூட இல்லாத குட்டிக் குட்டி அடிகள், முழங்கால் இலேசாக மடிந்து ஒட்டியபடி, இடுப்புக்கு மேலே அசைவே இல்லாமல். பாதி வித்தை தையற்காரருடையது. பாவாடை விளிம்பு தரைக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். நீளம் கூடினால் பின்னால் நடக்கும்போது மிதித்து விழுவார்; குறைந்தால் பாதம் தெரிந்து மாயம் கலையும். அளவெடுப்பது ஆடும் காலணியோடுதான் என்பதை மறந்து வெறுங்காலில் அளந்து தைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐந்து பேர் குழு ஒன்றரை மணி நேரத்தை எப்படி நிரப்புகிறது?

முழுக் கணக்கும் உடை மாற்றும் நேரத்தில் இருக்கிறது. சரஃபானிலிருந்து (தோள்பட்டையில் தொங்கும் நீண்ட கையில்லா உடை) தெற்கத்திப் பாவாடைக்கு மாற, தலை அலங்காரத்தோடு, கைதேர்ந்தவருக்கே மூன்று நிமிடம் ஆகும். தலையில் ஒன்றும் மாறாமல் மேலங்கி மட்டும் என்றால் ஒன்றரை நிமிடம். அப்படியானால் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் மூன்றரை நிமிட வாத்திய உருப்படியோ பாட்டோ இருக்க வேண்டும். முதல் பாதி 40 நிமிடம், நான்கு ஆட்டம். இடைவேளை 15. இரண்டாம் பாதி 35, மூன்று ஆட்டமும் கடைசியில் பார்வையாளரை ஆடவைப்பதும். உடைகளை அணியும் வரிசைக்கு நேர்மாறாகக் கம்பியில் மாட்டி, பின்னூசிக்குப் பதில் கொக்கியும் எலாஸ்டிக்கும் தைத்துவிட்டால் முப்பது நொடி மிச்சம். மாற்றும் அறை மேடைக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே பொய்த்துவிடும், ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலிகளும் எழுத வேண்டியவைதான். கைப்பிடி வைத்த நாற்காலியில் பயான் விரியாது.

எந்தப் பாட்டுகளை எடுப்பது? மொழி புரியாதே?

'கலின்கா' இல்லாவிட்டால் வாசலில் வந்து கேட்பார்கள், அதனால் வைத்துவிடுங்கள். 1860இல் இவான் லரியோனவ் இயற்றியது அது. 'மாஸ்கோ புறநகர் மாலைகள்' அமெரிக்கக் காதுக்குப் பழகியது. 1962இல் அதன் ஜாஸ் வடிவம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. ஆனால் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துவது இவையல்ல. வாத்தியமே இல்லாமல் இரண்டு குரலில் பாடும் ஒரு மெதுவான கிராமத்துப் பாட்டு, அதுவும் முதல் பாதியின் நடுவில். அமெரிக்கர்களுக்கு வேகம்தான் பிடிக்கும் என்று அஞ்சி இதை வெட்டுபவர்கள் அதிகம்; வெட்டினால் எழுபத்தைந்து நிமிடமும் ஒரே சத்தமாக முடியும்.

பாட்டுக்கு முன் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். யார் பாடுகிறார், யாரிடம், என்ன வேண்டும் என்று. வரிவரியாக மொழிபெயர்க்க ஆரம்பித்தால் அரங்கம் செல்போனை எடுத்துவிடும்.

பார்வையாளர் கைதட்டத் தொடங்கியதும் தாளம் ஓடுகிறதே?

'கலின்கா'வின் இயல்பே வேகம் கூடுவது, கைதட்டல் அதை இன்னும் தள்ளும். தவிர, அமெரிக்கர் பலர் இரண்டாவது, நான்காவது தட்டில் கைதட்டுவார்கள். இங்கே அழுத்தம் ஒன்றிலும் மூன்றிலும். மெட்டு வாசிப்பவர் பார்வையாளரைக் கவனிக்கக் கூடாது, பேஸைக் கவனிக்க வேண்டும். பேஸ்காரர் பார்வையாளரைப் பார்க்கவே கூடாது. ஆட்டம் இருக்கும் உருப்படியில் வேகத்தைக் கடைசியாகத் தீர்மானிப்பவர் ஆட்டக்காரர். அவர் மூச்சு முட்டுகிறாரா என்று பயான்காரரின் கண் அங்கேயே இருக்கட்டும்.

பார்வையாளரை ஆடவைக்க எந்த ஆட்டம் எளிது?

கொரோபுஷ்கா. நெக்ராசவின் 1861ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து வந்த தலைச்சுமை வியாபாரிப் பாட்டின் மெட்டு அதற்கு. 1989இல் கேம்பாய் கருவியில் வந்த டெட்ரிஸ் விளையாட்டு அதையே பயன்படுத்தியதால், முதல் நான்கு சுரத்திலேயே பிள்ளைகள் கூவிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த அடவமைப்பு முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்த ரஷ்யக் குடியேறிகளிடையே உருவானது என்பதுதான் அமெரிக்க ஆட்டக் குழுக்களின் வழக்கு.

ஜோடிகள் வட்டமாக, ஆண் வட்டத்தின் நடுவுக்கு முதுகு காட்டி, பெண் அவரை நோக்கி, இரண்டு கையும் கோத்து. ஆண் இடது காலில் தொடங்கி மூன்று அடி முன்னால், நான்காவதில் ஒரு தத்தல். பெண் வலது காலில் அதேபோல் பின்னால். பிறகு இருவரும் நடுவை நோக்கித் திரும்ப மூன்று அடி, தத்தல். மறுபடி வெளியே. அடுத்த நான்கு தட்டில் தத்திக்கொண்டே கால் நுனியை முன்னால் குறுக்கே ஒரு தொடல், பக்கத்தில் ஒரு தொடல், பாதங்கள் சேர. இதுவரை 16 தட்டு. கையை விட்டு, அவரவர் வலப்பக்கம் மூன்று அடியில் ஒரு சுழல், நான்காவதில் கைதட்டல். இடப்பக்கம் அதேபோல் திரும்பி வருதல். வலது கை கோத்து முன்னும் பின்னும் ஓர் ஊசல். நான்கு அடியில் இடம் மாறுதல். இது இன்னொரு 16, இதை இருமுறை. ஜோடி மாற்ற வேண்டுமானால் இரண்டாம் முறை இடப்பக்கம் திரும்பி வராமல், எதிரே நிற்பவரையே புது ஜோடியாகக் கொள்ளலாம்.

தவறுவது எப்போதும் ஒரே இடத்தில், அந்தக் குறுக்குத் தொடலில். அதை இசையில்லாமல் நான்கு முறை சொல்லிக் கொடுத்துவிட்டு, முதல் சுற்றைப் பாதி வேகத்தில் வாசியுங்கள்.

பள்ளி நிகழ்ச்சிக்கு மரக்கரண்டி போதுமா?

40 நிமிட நிகழ்ச்சியில் 10 நிமிடத்தைக் கரண்டிக்கு ஒதுக்கலாம். இரண்டு கரண்டியின் முதுகுப்பக்கம் ஒன்றையொன்று பார்க்க, காம்புகளுக்கு நடுவே சுட்டுவிரல், தொடைக்கும் மேலே பிடித்த உள்ளங்கைக்கும் இடையே தட்டு. தங்கப்பூ வரைந்த ஹஹ்லோமா கரண்டிகளை வாங்காதீர்கள். அவை மெத்தென்ற லிண்டன் மரம், ஒலி மந்தம், வண்ணமும் பெயரும். மேப்பிள் அல்லது பீச் மரக் கரண்டி எடுங்கள். இருபது ஜோடி போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் திரும்ப வாங்க ஒரு மணி நேரம் ஆகும்.

உடையில் அடிக்கடி நேரும் பிழை?

கொக்கோஷ்னிக் மணமான பெண்ணின் தலையணி, கூந்தலை மறைப்பது. ஒற்றைப் பின்னலோடு ஆடும் பெண்ணுக்கு உச்சி திறந்த பட்டையோ வளையமோதான் பொருந்தும். சரஃபான் வடக்கு மற்றும் நடு ரஷ்யாவுக்கு உரியது. தெற்கே கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை 'பன்யோவா'. ஆண்களின் கசவரோத்கா சட்டையில் திறப்பு நடுவில் இருக்காது, இடப்பக்கம் தள்ளியிருக்கும். சட்டை கால்சட்டைக்கு வெளியே, மேலே கச்சை.

ரஷ்யாவிலிருந்து குழுவை வரவழைக்க எந்த விசா?

பண்பாட்டுத் தனித்தன்மை கொண்ட கலைஞர்களுக்கான பி-3. உடன் வரும் ஒலிக்காரர் போன்றோருக்கு பி-3எஸ். அமெரிக்காவில் இருக்கும் ஏற்பாட்டாளரோ முகவரோ ஐ-129 விண்ணப்பம் போட வேண்டும். ஒப்பந்தம், ஊர் ஊராகத் தேதிப் பட்டியல், இந்தக் கலை தனித்தன்மை வாய்ந்தது என்று துறை அறிந்தவர்களின் கடிதங்கள், தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். பட்டியலில் ஜாஸ் கிளப் நிகழ்ச்சி ஒன்று நுழைந்தாலும் கேள்வி வரும். சுற்றுலா விசாவில் வந்து கட்டணக் கச்சேரி செய்யக் கூடாது. 2022 முதல் நேரடி விமானம் இல்லாததால் மூன்றாவது நாட்டின் வழியாக வரும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் இப்போது அமெரிக்காவிலேயே வாழும் கலைஞர்களைத்தான் தேடுகிறார்கள். 1978இல் தொடங்கிய அமெரிக்க பலலைக்கா தோம்ரா சங்கம் அதற்கு நல்ல வாசல்.

வரியும் உரிமையும்?

வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். குறைக்க வேண்டுமானால் 13930 படிவத்தை முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பே வரித் துறையிடம் கொடுக்க வேண்டும். மரபுப் பாட்டுக்கு உரிமத் தொகை இல்லை. ஆனால் 'கத்யூஷா' 1938இல் மத்வேய் பிளாந்தர் இசையமைத்தது, நாட்டுப்புறப் பாட்டு அல்ல. இயற்றியவர் பெயர் தெரிந்த சோவியத் காலப் பாட்டுகளை நிரலில் தனியாகக் குறித்துக் கொடுங்கள். அரங்கம் ஆஸ்காப், பி.எம்.ஐ. என்ற இசை உரிம அமைப்புகளிடம் வாங்கிய உரிமம் அவற்றுக்குப் பொருந்துமா என்று அவர்கள் பார்ப்பார்கள். இன்னொருவர் செய்த இசைக்கோவைக்கும் தனி உரிமை உண்டு.

முடிந்ததும் கலைஞர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஒற்றைப்படை எண்ணிக்கையில். ரஷ்யர்களிடம் இரட்டைப்படைப் பூ சாவு வீட்டுக்கு உரியது. அமெரிக்கப் பூக்கடை ரோஜாவை டஜனாகத்தான் கட்டித் தரும். மேடையேறுமுன் ஒன்றை உருவி எடுத்துவிடுங்கள்.